ஹாஃப் ஆர்க் விசர்டின் +2 எங்கே போக வேண்டும்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. நாலு நண்பர்களை வைத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பைத் தொடங்கப் போகிறீர்கள், டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) நீங்கள்தான். கையில் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற அடிப்படை விதிப் புத்தகமும், ரேஸ் போனஸை இடம் மாற்ற வழி தரும் டாஷா துணைப் புத்தகமும் இருக்கின்றன. ஒருவர் ஹாஃப் ஆர்க் (பாதி ஆர்க், பாதி மனிதர்) விசர்ட் (மந்திரவாதி) ஆட ஆசைப்பட்டு, ஹாஃப் ஆர்க்குக்குக் கிடைக்கும் ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) +2-ஐ இன்டெலிஜென்ஸுக்கு (புத்திக்கு) மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். பழைய பதிப்புகளில் ஊறிய இன்னொருவர், அதை அனுமதித்தால் ரேஸுக்கே (கேரக்டரின் இனத்துக்கே) அர்த்தமில்லை என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறார். போதாக்குறைக்கு, 2024 புத்தகம் வாங்கிய மூன்றாமவர் 'இப்போதெல்லாம் போனஸ் ரேஸில் வருவதே இல்லை' என்று குழப்பிவிட்டார். விதிப்படி செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஎம் ஒப்புக்கொண்டால் செல்லும். ஆனால் இந்த ஒரு வரிக்காக நீங்கள் அவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். ஒருவருக்கு இதை விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயமாகுமா, ஆட்டத்தில் ஏதாவது உடையுமா என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் 3.5 பதிப்பின் காலத்தில் ஆடத் தொடங்கியவன். ஐந்தாம் பதிப்பில் பெரும்பாலும் டிஎம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கீழே வரும் கணக்குகளை யார் போட்டாலும் அதே விடைதான் வரும், நீங்களே போட்டுப் பார்க்கலாம். மற்றது என் மேஜையில் கண்டதும் என் ருசியும். அவற்றை அப்படியே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டையில் ருசியைக் கணக்கு மாதிரிப் பேசுவதுதான் பாதித் தலைவலி.

முதலில் பேப்பரில் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். ஆறு ஸ்டாட்டுகளுக்கும் (திறன்களுக்கும்) பங்கிடப் புத்தகமே தரும் ஸ்டாண்டர்ட் அரே எடுத்துக்கொள்ளுங்கள்: 15, 14, 13, 12, 10, 8. விசர்ட் என்பதால் 15 இன்டெலிஜென்ஸுக்கு, 14 டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு), 13 கான்ஸ்டிட்யூஷனுக்கு (உடல் உறுதி), 12 விஸ்டமுக்கு (விவேகம்), 10 கரிஸ்மாவுக்கு (ஆளுமை), மிச்சமிருக்கும் 8 ஸ்ட்ரெங்துக்கு. புத்தகத்தில் உள்ளபடி ஹாஃப் ஆர்க்குக்கு ஸ்ட்ரெங்த் +2, கான்ஸ்டிட்யூஷன் +1. போட்டால் ஸ்ட்ரெங்த் 10, கான்ஸ்டிட்யூஷன் 14, இன்டெலிஜென்ஸ் 15-லேயே நிற்கும். இப்போது டாஷா விதிப்படி அந்த +2-ஐ மட்டும் நகர்த்துங்கள். ஸ்ட்ரெங்த் 8, கான்ஸ்டிட்யூஷன் அதே 14, இன்டெலிஜென்ஸ் 17. ஆட்டத்தில் உருட்டும்போது கூட்டுவது ஸ்டாட்டை அல்ல, அதிலிருந்து வரும் மாடிஃபையர் என்ற சின்ன எண்ணை மட்டும்தான். இரண்டு புள்ளிக்கு ஒரு மாடிஃபையர். 15-க்கு +2, 17-க்கு +3. ஆக உங்கள் நண்பர் கேட்பது ஒரே ஒரு கூடுதல் ஒன்று. அதற்கு விலையாக ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் 0-இலிருந்து −1-க்கு இறங்குகிறது, விசர்டுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

ஒன்றுதானே என்று தள்ளிவிடவும் முடியாது. இருபது முகப் பகடையில் ஒன்று என்பது 5 சதவீதம், இருபது தடவை உருட்டினால் ஒரு தடவை முடிவு மாறும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதிக் கதை. விசர்டை விட்டுவிட்டு ஒரு ராக் நோம் ஃபைட்டரைப் பாருங்கள். நோமுக்கு இன்டெலிஜென்ஸ் +2, கான்ஸ்டிட்யூஷன் +1. வாள் வீசும் ஆளுக்கு அந்த +2 தண்டம். ஸ்ட்ரெங்த் 15, மாடிஃபையர் +2, முதல் லெவல் பிரொஃபிஷியன்சி (தேர்ச்சிக்கான கூட்டல்) +2, தாக்குதலுக்கு மொத்தம் +4. பக்கத்தில் மவுன்டன் டுவார்ஃப் ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 17, மொத்தம் +5. எதிரே ஒரு கோப்ளின்: 2014 மான்ஸ்டர் மேனுவலில் ஆர்மர் கிளாஸ் (அடி படத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7. ஃபைட்டிங் ஸ்டைல், கிரிட்டிகல் (20 விழும்போது வரும் பலத்த அடி) எல்லாவற்றையும் தள்ளி வைப்போம். இருவர் கையிலும் லாங்ஸ்வோர்ட்.

நோமுக்கு 11 விழ வேண்டும், 50 சதவீதம். டுவார்ஃபுக்கு 10 போதும், 55 சதவீதம். இதுவரை அந்த 5 சதவீதம்தான் வித்தியாசம். ஆனால் அதே மாடிஃபையர் சேதத்திலும் கூடுகிறது. நோமுக்கு எட்டு முகப் பகடையோடு 2, டுவார்ஃபுக்கு 3. ஒரே வெட்டில் கோப்ளினை வீழ்த்த நோமுக்கு எட்டு முகப் பகடையில் 5 அல்லது அதற்கு மேல் வேண்டும், டுவார்ஃபுக்கு 4 போதும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: ஒரே வீச்சில் கோப்ளின் சாய்வது நோமுக்கு நாலில் ஒரு தடவை, டுவார்ஃபுக்கு மூன்றில் ஒரு தடவைக்கும் சற்று மேல். சராசரிச் சேதம் ஒரு வீச்சுக்கு 3.25-க்கு எதிராக 4.125, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. '5 சதவீதம்தானே' என்பவர்கள் தொலைத்துவிடுவது இந்த இரண்டாவது பாதியை. மேஜையில் இது எப்படித் தெரியும் என்றால், நோம் 10 உருட்டுவார், கூட்டினால் 14, கோப்ளின் தப்பிக்கும். அடுத்த சுற்றில் டுவார்ஃப் அதே 10 உருட்டுவார், 15, பட்டுவிடும். ஒன்றில் தப்பியதை யாரும் மறக்கமாட்டார்கள். மூன்று வாரம் கழித்தும் அந்த ஆட்டக்காரர், 'நான் மட்டும் டுவார்ஃப் எடுத்திருந்தா...' என்று ஆரம்பிப்பார்.

இப்போது விசர்டுக்குத் திரும்புங்கள், கதை மாறும். ஃபயர் போல்ட் மாதிரியான கேன்ட்ரிப்பில் (எத்தனை தடவையும் போடக்கூடிய எளிய மந்திரத்தில்) இன்டெலிஜென்ஸ் மாடிஃபையர் சேதத்தில் கூடுவதே இல்லை, குறி பார்ப்பதில் மட்டும்தான். அதே கோப்ளினுக்கு எதிராக 50-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம், சராசரிச் சேதத்தில் சுமார் 9 சதவீதம். ஸ்பெல் சேவ் டிசி (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி உருட்டி எட்ட வேண்டிய எண்; அந்த உருட்டல்தான் சேவ்) 13-க்குப் பதில் 12. உண்மையில் வலிப்பது வேறிடத்தில்: தயார் செய்துகொள்ளும் ஸ்பெல்களின் எண்ணிக்கை லெவலும் மாடிஃபையரும் சேர்ந்தது, அதனால் முதல் லெவலில் நாலுக்குப் பதில் மூன்று. ஆனால் எந்த மூன்று என்று பாருங்கள். 2014 விதிகளில் ஸ்லீப் ஸ்பெல்லுக்கு சேவ் கிடையாது. எட்டு முகப் பகடை ஐந்தை உருட்டி, வந்த கூட்டுத்தொகை வரைக்கும் ஹிட் பாயிண்ட் உள்ளவர்களைத் தூங்க வைக்கும். சராசரி 22.5, 7 ஹிட் பாயிண்ட் கோப்ளின்கள் மூன்று சாய்ந்துவிடும், விசர்டின் இன்டெலிஜென்ஸ் 8 ஆக இருந்தாலும் சரி, 18 ஆக இருந்தாலும் சரி. மேஜிக் மிசைல் தவறவே தவறாது. ஷீல்டுக்கும் மேஜ் ஆர்மருக்கும் இன்டெலிஜென்ஸோடு சம்பந்தமே இல்லை. அதனால் போனஸை நகர்த்தாமல் ஆடினாலும் ஹாஃப் ஆர்க் விசர்ட் தொடக்கத்தில் நொண்டி அடிக்கமாட்டார். வெப், ஃபயர்பால், ஹிப்னாடிக் பேட்டர்ன் என்று சேவ் கேட்கும் ஸ்பெல்கள் வரும் லெவல்களில்தான் அந்த ஒன்று உறுத்தத் தொடங்கும்.

உறுத்தல் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதும் கணக்குதான். விசர்டுக்கு 4, 8, 12-ஆம் லெவல்களில் ஸ்டாட் ஏற்றம் வரும், ஒவ்வொரு தடவையும் இரண்டு புள்ளி. எல்லாவற்றையும் இன்டெலிஜென்ஸில் போட்டால், 15-இல் தொடங்கியவர் 17, 19, 20 என்று போய் 12-ஆம் லெவலில் உச்சத்தைத் தொடுவார். 17-இல் தொடங்கியவர் 19, 20 என்று 8-ஆம் லெவலிலேயே தொட்டுவிடுவார். 12-ஆம் லெவல் வரைக்கும் மாடிஃபையர் வித்தியாசம் எப்போதும் சரியாக ஒன்று, அதன்பிறகு பூஜ்யம். 'பிறகு சரியாகிவிடும்' என்று சொல்பவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் நான் பார்த்த ஆட்டங்களில் பெரும்பாலானவை 12-ஆம் லெவலைப் பார்ப்பதற்கு முன்னே யாருக்காவது கல்யாணமோ வெளியூர் வேலையோ வந்து கலைந்துவிடும். ஆக, அந்த ஒன்று ஆட்டம் முழுக்கக் கூடவே வரும் என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

இனி அந்தப் பழைய நண்பரின் வாதம். 'இத்தனை வருடம் இப்படித்தான் இருந்தது' என்று அவர் சொன்னால், அவரிடம் இதே ஹாஃப் ஆர்க் விசர்டைப் பதிப்பு பதிப்பாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். 1974-இல் வந்த முதல் பெட்டியில் ஹாஃப் ஆர்க்கே கிடையாது. டுவார்ஃப், எல்ஃப், ஹாபிட் மூன்றுக்கும் ஸ்டாட் போனஸும் கிடையாது. இத்தனை லெவலுக்கு மேல் ஏற முடியாது என்ற தடை மட்டும் உண்டு. போனஸ், மைனஸ் எல்லாம் 1978-இல் கேரி கைகாக்ஸ் எழுதிய அட்வான்ஸ்ட் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் வருகிறது. அதில் ஹாஃப் ஆர்க்குக்கு ஸ்ட்ரெங்த் +1, கான்ஸ்டிட்யூஷன் +1, கரிஸ்மா −2. மேஜிக் யூசர் (அன்றைய விசர்ட்) ஆகவே அனுமதி இல்லை. கிளெரிக், ஃபைட்டர், தீஃப், அசாசின் ஆகலாம், அவ்வளவுதான். உங்கள் நண்பரின் கேரக்டர் அந்த வருடம் பிறந்திருக்கவே முடியாது. 1989 இரண்டாம் பதிப்பு ஹேண்ட்புக்கிலிருந்து ஹாஃப் ஆர்க்கையே தூக்கிவிட்டார்கள். 2000-இல் மூன்றாம் பதிப்பு எந்த ரேஸும் எந்த கிளாஸும் (விசர்ட், ஃபைட்டர் மாதிரியான தொழில்) ஆகலாம் என்று கதவைத் திறந்தது, ஆனால் ஹாஃப் ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸ் −2, கரிஸ்மா −2. சட்டப்படி விசர்ட் ஆகலாம், புத்தியுள்ளவர் யாரும் ஆகமாட்டார் என்ற நிலை. நாலாம் பதிப்பு மைனஸ்களை எடுத்துவிட்டு ஹாஃப் ஆர்க்குக்கு 2009-இல் ஸ்ட்ரெங்த் +2, டெக்ஸ்டெரிட்டி +2 தந்தது. 2014-இல் இப்போது உங்கள் கையில் இருப்பது. அவர் 'எப்போதும்' என்று சொல்வது எந்த வருடத்து 'எப்போதும்' என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

2020-இல் நடந்தது இந்த ஓட்டத்தின் தொடர்ச்சிதான், காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. 2016-இல் வோலோ என்ற துணைப் புத்தகத்தில் ஆர்க்கை ஆட்டக்காரர்களுக்குத் தந்தபோது இன்டெலிஜென்ஸ் −2 போட்டிருந்தார்கள், அதன் மேல் ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. ஒரு இனத்தையே பிறப்பால் மூளை குறைந்தது என்று புள்ளி போட்டு எழுதுவது நிஜ உலகத்து இனவெறிப் பேச்சின் நிழல் என்று பலர் சொன்னார்கள். ஜூன் 2020-இல் ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஆர்க்குகளையும் டிரோ என்ற எல்ஃப் வகையையும் சித்திரிக்கும் விதத்தை மாற்றுவதாக அறிக்கை விட்டது. நவம்பரில் டாஷா வந்தது. பிற்பாடு வோலோவின் அந்த −2-ஐயும் நீக்கினார்கள். இந்த அரசியலில் எந்தப் பக்கம் நிற்பது என்பது அவரவர் மனது. எனக்கு அந்த விமர்சனம் நியாயமாகவே பட்டது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் விதியாகப் பார்த்தாலும் வாதம் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

'நம்பும்படியா இருக்க வேண்டாமா? மூன்றடி ஹாஃப்லிங்கும் ஏழடி கோலியத்தும் ஒரே ஸ்ட்ரெங்தா?' என்பார் அவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2014 விதிகளிலேயே இருவருக்கும் ஸ்ட்ரெங்த் உச்சம் 20தான். ஹாஃப்லிங் போகப் போக ஏறி 20-ஐத் தொட்டுவிட்டால், கோலியத்தோடு கைமல்லுக்கு நின்றாலும் கூட்டுவது அதே +5. உயரம் மூன்றடி, எடை நாற்பது பவுண்டு என்பது அப்போது யாரையும் உறுத்துவதில்லை. அந்த +2 காப்பாற்றியது முதல் சில லெவல்களின் நம்பகத்தன்மையை மட்டும்தான். உடம்பின் அளவை நிஜமாகவே காட்டும் விதிகள் வேறு இடத்தில் இருக்கின்றன: சின்ன உடம்புக்காரர் ஹெவி ஆயுதம் எடுத்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), கோலியத்துக்கு சுமை தூக்கும்போது ஒரு அளவு பெரியவராகக் கணக்கு. டாஷா இவற்றில் கை வைக்கவில்லை. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1978 புத்தகத்தில் பெண் கேரக்டர்களுக்கு ஸ்ட்ரெங்த் உச்சவரம்பு தனியாக இருந்தது. 18-க்குப் பிறகு நூறு வரை தனியாக எண்ணும் அந்தக் காலக் கணக்கில் மனிதப் பெண்ணுக்கு 18/50, ஆணுக்கு 18/100. அதற்கும் இதே 'நம்பும்படி' வாதம்தான். 1989-இல் அதை எடுத்தார்கள். எடுத்ததால் ஆட்டம் கெட்டது என்று இன்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படியானால் எதுவுமே உடையாதா என்றால், உடையும். உங்கள் பழைய நண்பர் தவறான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். 2014 ஹேண்ட்புக்கின் மவுன்டன் டுவார்ஃப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மற்ற ரேஸ்களுக்குப் பெரும்பாலும் +2, +1 என்று மூன்று புள்ளி. இதற்கு +2, +2 என்று நாலு. அதோடு லைட், மீடியம் ஆர்மர் அணியும் தேர்ச்சியும் சும்மா கிடைக்கும். ஏன் இவ்வளவு தாராளம்? என் ஊகம் இது: போனஸ் ஸ்ட்ரெங்திலும் கான்ஸ்டிட்யூஷனிலும் கட்டிப்போடப்பட்டிருந்ததால், எடுப்பவர் ஃபைட்டரோ பாலடினோ பார்பேரியனோவாகத்தான் இருப்பார், அவர்களுக்கு மீடியம் ஆர்மர் கிளாஸிலேயே வந்துவிடும், ஆகவே அந்தத் தேர்ச்சி அவர்களுக்கு வீண். தாராளமும் வீணும் சேர்ந்து சரியாகிவிடும். இப்போது டாஷா கட்டை அவிழ்க்கிறது. ஒருவர் மவுன்டன் டுவார்ஃப் விசர்ட் எடுத்து, ஒரு +2-ஐ இன்டெலிஜென்ஸுக்கு நகர்த்தி, இன்னொன்றைக் கான்ஸ்டிட்யூஷனிலேயே விடுகிறார். இன்டெலிஜென்ஸ் 17, கான்ஸ்டிட்யூஷன் 16. 50 தங்கக் காசுக்கு ஒரு ஸ்கேல் மெயில் வாங்கி மாட்டினால், டெக்ஸ்டெரிட்டி 14 வைத்திருக்கும் இன்னொரு விசர்ட் மேஜ் ஆர்மருக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (ஸ்பெல் போட இருக்கும் அளவான வாய்ப்புகளில் ஒன்றை) செலவழித்து எட்டும் 15-ஐ, இவர் டெக்ஸ்டெரிட்டி வெறும் 13-ஐ வைத்துக்கொண்டு ஸ்லாட் செலவில்லாமல் தொடுகிறார். ஆர்க்குக்கு மூளை வந்ததில் பிரச்சினை எழவில்லை. போனஸோடு சேர்த்து விலை போட்ட சரக்கு, போனஸை நகர்த்தியதும் மலிவாகிவிட்டது. நான் என் மேஜையில் நகர்த்தும் உரிமை வேண்டும் என்பவர்களுக்கு எல்லாம் +2, +1 என்று மூன்று புள்ளிதான் என்று வைத்திருக்கிறேன். இது புத்தக விதி இல்லை, என் வீட்டு விதி. 2022-இல் வந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் த மல்டிவர்ஸ் புத்தகமும் அதிலுள்ள ரேஸ்களுக்கு +2, +1 அல்லது மூன்று +1 என்று ஒரே அளவாக வைத்தது என்பதால், இதில் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

ஹாஃப் ஆர்க்கை இந்தக் கண்ணால் பார்த்தால் உங்களுக்கு நிம்மதி வரும். போனஸ் மூன்று புள்ளி, நியாயமான அளவு. சேவேஜ் அட்டாக்ஸ் என்ற சலுகை கைகலப்பு ஆயுதத்தில் கிரிட்டிகல் விழுந்தால்தான் வேலை செய்யும், விசர்டுக்கு அது கிட்டத்தட்ட வீண். இருட்டில் பார்வையும் இன்டிமிடேஷன் தேர்ச்சியும் யாருக்கும் ஆகும். உண்மையான சொத்து ரிலென்ட்லெஸ் எண்டியூரன்ஸ்: ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு இறங்கும் அடி விழுந்தால், நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை, ஒன்றில் நின்றுகொள்ளலாம். ஃபைட்டருக்கு இது ஒரு சுற்று கூடுதல். விசர்டுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. பூஜ்யமானால் மயக்கம், மயங்கினால் கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லை நீடிக்க வைக்கும் கவனம்) போச்சு, வெப்பில் சிக்கியிருந்த நாலு பேரும் விடுதலை. ஒன்றில் நின்றால் ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்டிப் பார்க்கும் வாய்ப்பாவது உண்டு. எல்ஃப் விசர்டுக்கோ நோம் விசர்டுக்கோ கிடைக்காத ஒன்று இது. போனஸ் எங்கே போனாலும் ஹாஃப் ஆர்க் ஹாஃப் ஆர்க்காகவே ஆடப்படுவார் என்பதற்கு உங்கள் பழைய நண்பரிடம் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

வகை கூடுமா என்பதில் மட்டும் நான் திட்டமாகப் பேசமாட்டேன். பழைய முறையில் கிளாஸை முடிவு செய்ததும் ரேஸ் தானாக முடிவாகிவிடும். வார்லாக்கா, ஹாஃப் எல்ஃப். ரோக்கா, எல்ஃபோ ஹாஃப்லிங்கோ. ரேஸ் என்பது +2-க்காக பஸ் ஜன்னல் வழியாகப் போடும் துண்டாக ஆகிவிட்டிருந்தது. டாஷாவுக்குப் பிறகு என் மேஜையில் ஆசைக்கு ஆடும் ஆட்கள் விதவிதமாக எடுத்தார்கள், அது உண்மை. ஆனால் கணக்குப் பார்த்து ஆடும் ஆட்கள் இன்னொரு இடத்தில் போய் வரிசை கட்டினார்கள்: எந்த ரேஸுக்குப் பறக்கத் தெரியும், எதற்கு மேஜிக் ரெசிஸ்டன்ஸ் உண்டு என்று. போனஸைச் சமன் செய்தால் போட்டி சலுகைகளின் பக்கம் நகர்கிறது. இது நல்லதா கெட்டதா என்பது உங்கள் மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, பகடைக் கணக்கில் விடை கிடைக்காது.

2024 புத்தகம் வாங்கியவர் சொன்னதும் சரிதான், ஆனால் அவர் பாதிதான் சொன்னார். புதிய ஹேண்ட்புக்கில் ரேஸ் என்ற சொல்லே இல்லை, ஸ்பீசீஸ் என்கிறார்கள், அதில் ஸ்டாட் போனஸ் கிடையாது. போனஸ் பேக்கிரவுண்டுக்கு (கேரக்டரின் முந்தைய வாழ்க்கைக்கு) போய்விட்டது. ஒவ்வொரு பேக்கிரவுண்டுக்கும் மூன்று ஸ்டாட் எழுதியிருக்கும். அவற்றுக்குள் +2, +1 என்றோ மூன்றிலும் +1 என்றோ போட்டுக்கொள்ளலாம். சேஜ் என்றால் கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம். சோல்ஜர் என்றால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன். கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபீட் (தனிச் சிறப்புத் திறமை). விளைவு என்ன தெரியுமா? ஆர்க் விசர்டுக்கு இனித் தடை இல்லை, ஆனால் பட்டாளத்திலிருந்து வந்த விசர்டுக்குத் தடை வந்துவிட்டது, அவருக்கு இன்டெலிஜென்ஸில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. கட்டு அவிழவில்லை, வேறு தூணுக்கு மாறியிருக்கிறது. எனக்கு இது டாஷாவைவிடப் பின்னடைவாகத்தான் தெரிகிறது. வளர்ந்த விதம் உடம்பையும் மூளையையும் மாற்றும் என்பது பிறப்பு மாற்றும் என்பதைவிட நம்பும்படி இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு, அதை மறுக்க என்னிடம் வலுவான வாதம் இல்லை. தப்பிக்க வழியும் இருக்கிறது: 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் சொந்தமாகப் பேக்கிரவுண்டு உருவாக்கும் முறையைத் தந்திருக்கிறார்கள், மூன்று ஸ்டாட்டையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு விஷயம், ஸ்லீப்புக்கு 2024-இல் விஸ்டம் சேவ் வந்துவிட்டது. நான் மேலே சொன்ன 'இன்டெலிஜென்ஸ் குறைந்தாலும் ஸ்லீப் காப்பாற்றும்' என்பது 2014 விதிக்கு மட்டும்தான்.

மற்ற ஆட்டங்கள் இதை எப்படித் தீர்த்தன என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2013-இல் வந்த தர்ட்டீன்த் ஏஜில் ரேஸ் ஒரு +2 தரும், கிளாஸ் இன்னொரு +2 தரும், இரண்டும் ஒரே ஸ்டாட்டில் விழக் கூடாது. கிளாஸுக்கு வேண்டியது கிளாஸிலிருந்தே வந்துவிடுவதால் ரேஸ் யாரையும் தடுப்பதில்லை. பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு ரேஸ், பேக்கிரவுண்டு, கிளாஸ், பிறகு விருப்பத்துக்கு நாலு என்று ஏற்றங்களைப் பல இடங்களிலிருந்து கொட்டுகிறது. ஒரு இடத்தில் இழந்ததை இன்னொரு இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். பிற்பாடு அவர்களும் ரேஸ் ஏற்றத்தை இரண்டு ஸ்டாட்டில் இஷ்டம்போல் போட்டுக்கொள்ள அனுமதித்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த தர்ட்டீன்த் ஏஜ் ஏற்பாடுதான், ஆனால் முதல் தடவை டிஎம் ஆகிறவர் அதை ஐந்தாம் பதிப்புக்குள் ஒட்டுப் போடத் தேவையில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2014 ஹேண்ட்புக், டாஷா இரண்டையும் வைத்து ஆடுவேன், நகர்த்தும் உரிமையை நாலு பேருக்கும் கேரக்டர் போடுவதற்கு முன்பே அறிவிப்பேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தால் அநியாயம் என்ற பேச்சே எழாது. பழைய நண்பர் புத்தகத்தில் உள்ளபடியே தன் போனஸை வைத்துக்கொள்ளட்டும், அவரை யாரும் நகர்த்தச் சொல்லவில்லை. ஒருவேளை எல்லோரும் 2024-க்கு மாறுவதென்று முடிவானால், புதிய ஹேண்ட்புக்கில் ஹாஃப் ஆர்க் இல்லை, ஆர்க்தான் உண்டு. பழைய ஹாஃப் ஆர்க்கையே கொண்டு வந்தால் அதன் ஸ்டாட் போனஸை விட்டுவிட வேண்டும், பேக்கிரவுண்டு தருவது மட்டும்தான் கணக்கு. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உட்காரும் ஆட்களை அடிக்கடி பார்க்கிறேன், கேரக்டர் ஷீட்டை ஒரு தடவை சரிபாருங்கள்.

டாஷா விதியிலும் இரண்டு எல்லைகள் உண்டு. +2-ஐயும் +1-ஐயும் ஒரே ஸ்டாட்டில் குவிக்கக் கூடாது, ஆகவே இன்டெலிஜென்ஸ் 18-இல் தொடங்கலாம் என்று உங்கள் நண்பர் கணக்குப் போட்டிருந்தால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். எந்த ஸ்டாட்டும் 20-ஐத் தாண்டாது. 17 என்ற ஒற்றைப்படை எண்ணில் நிற்கிறோமே என்று அவர் குறைப்பட்டால், 4-ஆம் லெவலில் டாஷா புத்தகத்திலேயே இருக்கும் ஃபே டச்ட் ஃபீட்டைக் காட்டுங்கள். இன்டெலிஜென்ஸ் 18 ஆகும், மிஸ்டி ஸ்டெப்பும் முதல் லெவல் ஸ்பெல் ஒன்றும் கூடவே கிடைக்கும். கான்ஸ்டிட்யூஷனில் இருக்கும் அந்த +1-ஐ மட்டும் அவர் நகர்த்தாமல் இருப்பது நல்லது. ஆறு முகப் பகடை ஹிட் டைஸ் உள்ள ஆளுக்கு 13-ஐ 14 ஆக்குவது ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு ஹிட் பாயிண்ட்.